விரல் மூட்டில் தெரிந்த வெளிச்சம்

வௌவால் விரல்களால் பறக்கிறது. பதினெட்டு வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை. "கோழிக்கு ரெக்கை இருக்குல்ல, அந்த மாதிரிதான் இதுவும்" என்பார்கள். கோழி ரெக்கையைக் கடித்துத் தின்றவர்கள் ஒருமுறை உற்றுப் பார்த்திருந்தால் தெரியும். அதன் நுனியில் ஒட்டிப்போன எலும்புத் துண்டுதான் இருக்கும். வௌவாலுக்கு நமக்கு இருப்பதுபோல ஐந்து விரல். கட்டைவிரல் குட்டையாக, தனியாக, வளைந்த நகத்தோடு வெளியே நிற்கும். கிளையில் தொற்றி ஏறுவதற்கு அது. பழந்தின்னி வௌவால் என்றால் ஆள்காட்டி விரலிலும் ஒரு சின்ன நகம் உண்டு. மற்ற மூன்று விரல்களும் நீண்டுபோய்க் கிடக்கும். நம் உள்ளங்கைக்குள் இருக்கும் எலும்புதான் அதற்கு முழங்கை நீளத்துக்கு வளர்ந்திருக்கும். அந்த விரல்களுக்கு நடுவில் தோல். வாழைச்சருகை விடக் கொஞ்சம்தான் தடிமன். வெளிச்சத்தில் பிடித்தால் ரத்தக்குழாய் ஓடுவது தெரியும்.

நான் படித்தது பிளஸ் டூ. பெரம்பலூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் துறையில் அட்டெண்டராக இருந்தேன். தவளை, கரப்பான் பூச்சி எடுத்து வைப்பது, ஃபார்மலின் ஜாடி கழுவுவது, மைக்ரோஸ்கோப் துடைப்பது, மாணவிகள் மயங்கி விழுந்தால் தண்ணீர் தெளிப்பது. இதெல்லாம் என் வேலை. எலும்புக்கூடு செய்வது என் வேலை இல்லை. ஆனாலும் செய்தேன், கைக்கு வந்ததால் செய்தேன்.

துறைத் தலைவி என் வயசுக்காரி. அவளை நான் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். இந்தக் கட்டுரையிலும் மேடம் என்றே எழுதுகிறேன். மரியாதைக்காக என்று யாரும் நினைக்க வேண்டாம், வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. பதினெட்டு வருஷமும் நாங்கள் இரண்டு பேரும் ஆய்வகத்து மேசையில்தான் மதியம் சாப்பிட்டோம். என் புளிக்குழம்பை அவள் எடுத்துக்கொள்வாள், அவள் பொரியலை நான் எடுத்துக்கொள்வேன். என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி கூட இருந்தவள் அவள்தான். என் கூடப்பிறந்தவர்கள் வரவில்லை.

ஆய்வகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வௌவால் இறக்கை எலும்புக்கூடு இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம் செய்தது. மின்கம்பியில் அடிபட்டுச் செத்த ஒரு கிழட்டு வௌவாலை யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். மேடத்துக்கு நாற்றம் ஆகாது. மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்று புத்தகத்தைப் பார்த்துப் படிப்பாள். நான் வாளித் தண்ணீரில் ஊறவைத்து, சதை கழன்ற பிறகு பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, வெயிலில் காயவைத்து, கறுப்புத் துணி ஒட்டிய பலகையில் ஒவ்வொரு எலும்பாக வைத்து ஒட்டினேன். எந்த எலும்பு எங்கே போகும் என்று தெரிய என் இடது கையையே பலகைக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டேன்.

அதில் ஒரு தப்பு நடந்தது. நான்காவது விரலின் கடைசி எலும்பைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன். அது நுனிக்குப் போகப் போக ஊசி மாதிரி மெலிந்து போக வேண்டும். எனக்கோ பாத்திரம் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியெல்லாம் உருண்டு தடித்த கை. அதைப் பார்த்தே தடித்த பக்கத்தை வெளியே வைத்துவிட்டேன். பசை காய்ந்த பிறகுதான் மேடம் கவனித்தாள். "ஏய், வௌவாலுக்கு உன் விரலை வச்சுட்டியே!" என்று சிரித்தாள். பிரித்தால் உடைந்துவிடும் என்று அப்படியே விட்டோம். பரீட்சைக்கு வரும் வெளி ஆட்கள் ஒருவர்கூட இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

என் ஊர் அரியலூர் மாவட்டம். கீழப்பழுவூரிலிருந்து உள்ளே போக வேண்டும். ஏரிக்கரையில் மூன்று மருத மரங்கள் இருந்தன. மூன்றிலும் பழந்தின்னி வௌவால்கள். எங்கள் ஊரில் தீபாவளிக்கு வெடி கிடையாது. பிள்ளைகள் அடம்பிடித்தால் மாமன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய் வெடிக்கவிட்டுக் கூட்டிவருவார்கள். சாவு ஊர்வலம் போனால் வாய்க்கால் பாலத்தோடு மேளம் நின்றுவிடும். மரங்களைத் தாண்டி மதகு வந்த பிறகுதான் மறுபடி அடிப்பார்கள். அந்த இருநூறு அடி தூரம் பிணத்தோடு பேச்சில்லாமல் நடப்போம். வௌவால் விழுந்து செத்தால் விழுந்த இடத்திலேயே குழி வெட்டிப் புதைத்துவிட வேண்டும். ஊரைவிட்டு வெளியே எடுத்துப்போகக் கூடாது. வௌவால் கறி மூச்சிரைப்புக்கு நல்லது என்று வலை போட வந்த இரண்டு வெளியூர்க்காரர்களை ஒருமுறை மரத்திலேயே கட்டிவைத்தார்கள்.

மரங்களை ஒட்டிப் போகும் ரோட்டில்தான் சுண்ணாம்புக்கல் லாரி போகிறது. ஏரிக்கரையில் ரோடு வளையும். வளைவை நிமிர்த்த வேண்டுமென்றால் மரங்கள் போக வேண்டும். மரங்களில் சிவப்புப் பெயிண்டால் எண் போட்ட அன்றைக்கே ஊர்க்காரர்கள் கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதிக்கொண்டு போனார்கள். அங்கே இருந்த அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் பேசியிருக்கிறார். "குட்டி போட்டு வளக்குற இடம்னா சொல்லுங்க, ரோட்டைத் தள்ளிப் போட எழுதலாம். சும்மா வந்து தங்கிட்டுப் போற இடம்னா ஒண்ணும் செய்ய முடியாது. படிச்சவங்ககிட்ட ஒரு ரிப்போர்ட் வாங்கிட்டு வாங்க" என்றிருக்கிறார். இவர்கள் போனில் எடுத்த படத்தைக் காட்டியிருக்கிறார்கள். மருத மரத்தின் உயரத்துக்குக் கீழே இருந்து எடுத்தால் என்ன தெரியும்? கறுப்பு கறுப்பாகப் பொட்டலம் தொங்குவதுதான் தெரியும். குட்டி தாயின் இறக்கைக்குள் இருக்கும்.

அண்ணன் எனக்குப் போன் செய்தான். நான் மேடத்திடம் சொன்னேன். "நான் எழுதித் தரேன், இதுக்கு எதுக்கு இப்படிக் கெஞ்சுறே?" என்றாள். அவள் பேரிலேயே கல்லூரிக்கு அந்த அதிகாரியின் கடிதம் வந்தது, அந்த மரங்களில் வௌவால் குட்டி போடுகிறதா என்று ஆய்வு செய்து தரச்சொல்லி. எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் பிறந்த ஊருக்கு என்னால் ஒன்று ஆகப்போகிறது என்று நினைத்தேன்.

சித்திரையில் ஒரு காற்று மழை அடித்தது. விடிந்ததும் அண்ணன் கூப்பிட்டு, "ஏழு விழுந்து கெடக்கு, பொதைக்கப் போறோம், சீக்கிரம் வா" என்றான். நான் பஸ்ஸில் போனேன், மேடம் காரில் வந்தாள். ஊரில் பாதிப் பேர் ஏரிக்கரையில் நின்றார்கள். வௌவாலை எடுத்து விரித்துப் பார்க்க வேண்டும் என்றதும் முணுமுணுப்பு எழுந்தது. ஊர்ப் பெரியவர், எனக்குப் பெரியப்பா முறை, விழுந்து கிடந்தவற்றைக் குனிந்து பார்த்தார். பிறகு, "நம்ம பொண்ணு கேக்குது. குடுங்க. பாத்துட்டு இங்கயே பொதைச்சுடணும்" என்றார். அந்த ஊர் தன் வழக்கத்தை விட்டுக்கொடுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கையுறை போட்டுக்கொண்டு நான் ஒன்றை எடுத்து இறக்கையை விரித்துக் கிழக்கே காட்டினேன். வௌவால் குட்டியா பெரிசா என்பதை உடம்பை வைத்து முடிவு பண்ண முடியாது. மூன்று நாலு மாசத்தில் குட்டியும் ஏறக்குறையப் பெரிசு மாதிரி ஆகிவிடும். விரல் மூட்டைப் பார்க்க வேண்டும். வளர்ந்த வௌவாலுக்கு மூட்டு கணு மாதிரி உருண்டு, வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். வளருகிற வௌவாலுக்கு மூட்டு நீளவாக்கில் வழுவழுவென்று இருக்கும். அங்கே எலும்பு இன்னும் ஆகவில்லை, குருத்துதான் இருக்கும். வெயிலில் பிடித்தால் மூட்டின் இரண்டு பக்கமும் கோடு போட்ட மாதிரி வெளிச்சம் தெரியும். எலும்புக்கு நடுவில் ஜன்னல் திறந்த மாதிரி இருக்கும்.

"இந்தா பாருங்க பெரியப்பா, வெளிச்சம் தெரியுதா?"

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "தெரியுது, தெரியுது. அட, ஆமாம்."

"அப்ப இது குட்டி. இன்னும் வளரணும்."

எங்கள் தெருக்காரி ஒருத்தி தன் முழங்கையை மடக்கி வெயிலில் காட்டினாள். "எனக்கும் பாரு அக்கா, வெளிச்சம் வருதா? வந்துச்சுன்னா எம் புருசங்கிட்ட சொல்லணும், இன்னும் சின்னப் பொண்ணுதான்னு."

"உன் மூட்டு தேஞ்சு கெடக்குடி. அதுல வெளிச்சமும் வராது, ஒண்ணும் வராது" என்றாள் என் அண்ணி. மேடம் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

ஏழில் நாலு குட்டி. ஒன்று பிறந்து ஒரு மாசம்கூட ஆகாதது, பால்பல் கொக்கி மாதிரி வளைந்து கிடந்தது. நான் சொல்லச் சொல்ல வேறு யாரும் எழுதவில்லை, நானே என் கையால் நோட்டில் எழுதினேன். எந்த விரல், எந்த மூட்டு, வெளிச்சம் உண்டா இல்லையா, எல்லாம். மேடம் போட்டோ எடுத்தாள், நோட்டைத் தன் பையில் வைத்துக்கொண்டாள். அண்ணி இளநீர் வெட்டிக் கொடுத்தாள். கிளம்பும்போது பெரியப்பா கைகூப்பி, "ஒங்களைத்தாங்க நம்பியிருக்கோம்" என்றார். மேடம் அவர் கையைப் பிடித்து இறக்கினாள். "ஐயா, இதுக்கெல்லாம் கும்பிடாதீங்க. கண்ணால பாத்ததை எழுதப்போறேன், அவ்வளவுதானே" என்றாள்.

கண்ணால் பார்த்ததை எழுதப்போகிறேன் என்று அவள் வாயாலேயே சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன்.

பத்து நாள் கழித்து ரிப்போர்ட் போய்விட்டது என்றாள். "காட்டுங்களேன்" என்றேன். "இங்கிலீஷும் தமிழுமா அனுப்பியிருக்கேன், சாஃப்ட் காபி ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருக்கு, எடுத்துத் தரேன்" என்றாள். நான் மறுபடி கேட்கவில்லை. புளிக்குழம்பைப் பங்கு போட்டுக்கொண்டு சாப்பிட்டோம்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். வைகாசியில் ஊரில் கூட்டம் போட்டார்கள். மரம் வெட்ட ஆள் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. ஏரிக்கரையில் பந்தல் போட்டு முறை வைத்து உட்காருவது, வண்டி வந்தால் முன்னால் படுத்துக்கொள்வது என்று பொம்பளைகள் முடிவு செய்திருந்தார்கள். அண்ணன் என்னை வரச்சொன்னான். நான் போய் என்ன சொன்னேன்? "வேணாம். ரோட்டை மறிச்சா கேஸ் போடுவாங்க, புள்ளைங்க வேலைக்குப் போக முடியாது. ரிப்போர்ட் போயிருச்சு. குட்டி இருக்குன்னு மேடம் எழுதிட்டாங்க. அதுக்கு மேல எவனும் வெட்ட முடியாது" என்றேன்.

"எழுதிட்டாங்களா, நீ பாத்தியா?" என்று அண்ணி கேட்டாள்.

"பாத்தேன்" என்றேன்.

பார்க்கவில்லை. அது பொய். அன்றைக்கு அது பொய் என்றே எனக்குத் தோன்றவில்லை. மேடம் எழுதியதை நான் பார்ப்பதும் பார்க்காததும் ஒன்று என்று நினைத்தேன். கூட்டம் கலைந்தது. பந்தலுக்கு இறக்கிய கீற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

வைகாசி கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை அண்ணன் போன் செய்தான். பேசவில்லை. போனைத் தூக்கிப் பிடித்தான். மரம் அறுக்கும் மெஷின் சத்தம் கேட்டது.

அரியலூர் போய், பஸ் மாறி, கீழப்பழுவூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மரம் விழுந்திருந்தது. வானம் முழுக்க வௌவால். பகலில் அதற்கு எங்கே போவது என்று தெரியவில்லை. ஏரியைச் சுற்றிச் சுற்றி வந்தது. தாய்களால் தூக்கிக்கொண்டு போக முடியாத அளவுக்கு வளர்ந்து, தானாகப் பறக்கவும் முடியாத குட்டிகள் கீழே கிடந்தன. சில கட்டைவிரல் நகத்தை மண்ணில் ஊன்றி ஊன்றி நகர்ந்தன. கத்திக்கொண்டே இருந்தன. ஊர்ச்சனம் கரையில் நின்றது. போலீஸ்காரர்கள் நாலு பேர் நின்றார்கள்.

நான் நேராக மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த ஆளிடம் போனேன். கத்தினேன். "நிறுத்துய்யா! ரிப்போர்ட் இருக்கு, குட்டி போடுற எடம்னு ரிப்போர்ட் இருக்கு. படிக்கத் தெரியுமா தெரியாதா உனக்கு?"

அவன் கோபப்படவில்லை. இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருப்பானோ. ஜீப்பிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து வந்தான். "படிச்சுட்டுத்தாம்மா வெட்றோம். நீங்களும் படிங்க."

எங்கள் கல்லூரியின் தலைப்பு. மேடத்தின் கையெழுத்து. பச்சை மையில்தான் போடுவாள். தமிழில் தெளிவாக எழுதியிருந்தது. கிடைத்த வௌவால்கள் அனைத்தும் முழு வளர்ச்சி அடைந்தவை. விரல் மூட்டுகள் அனைத்தும் முதிர்ந்து மூடியுள்ளன. இம்மரங்கள் தற்காலிகத் தங்குமிடமே, இனப்பெருக்கம் நடப்பதற்கான அடையாளம் இல்லை. அடுத்த பக்கத்தில் ஒரு படம். அடியில், 'ஏரிக்கரையில் கிடைத்த வௌவாலின் விரல் எலும்புகள்' என்று போட்டிருந்தது.

கறுப்புத் துணியில் வெள்ளை எலும்பு. நான்காவது விரலின் கடைசி எலும்பு தலைகீழாக இருந்தது.

அந்த எலும்பை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் மின்கம்பியில் செத்த கிழட்டு வௌவால். அதன் மூட்டு முதிர்ந்துதான் இருக்கும். ஆய்வகத்துப் பெட்டியைத் திறந்து, படம் எடுத்து, எங்கள் ஊர் வௌவால் என்று போட்டிருக்கிறாள். நாலு குட்டியின் இறக்கையை என் கையில் வைத்து எடுத்த போட்டோ அவளிடம் இருந்தது. அதில் ஒன்றுகூட இல்லை.

அதற்குள் அண்ணன் மகள் பின்னால் வந்து ஃபைலைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டாள். அவள் அரியலூரில் படிக்கிறாள், விவரமானவள். சத்தமாகப் படித்தாள். எல்லோரும் கேட்டார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை, அடிக்க வரவில்லை. நான் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு குட்டியாக எடுத்து இறக்கையை வெயிலில் காட்டினேன். "பாருங்க, வெளிச்சம் இருக்கு, இதுலயும் இருக்கு, இதுலயும்" என்று சொல்லிக்கொண்டே போனேன். அண்ணி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதும். யாருக்குக் காட்டுற? நீதான் பாத்தேன்னு சொன்னியே."

மூன்றாவது மரம் மதியத்துக்கு முன்னால் விழுந்தது.

திங்கட்கிழமை நான் வழக்கம்போல எட்டே முக்காலுக்கு ஆய்வகத்தைத் திறந்தேன். கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்று நாலு பக்கமும் போனில் படம் எடுத்தேன். தலைகீழ் எலும்பை மட்டும் தனியாகக் கிட்டே வைத்து எடுத்தேன். மேடம் ஒன்பதரைக்கு வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்தினாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"உக்காரு" என்றாள்.

"நிக்கிறேன். நாலு குட்டி எங்க மேடம்?"

"நீ எமோஷனலா இருக்கே. கொஞ்சம் கேளு."

"நாலு குட்டி எங்க?"

அவள் பையை மேசையில் வைத்தாள். "நம்ம காலேஜ் கரஸ்பாண்டென்ட் கூப்பிட்டு இப்படித்தான் எழுதணும்னு சொன்னார். அவருக்கு அந்த ரோட்டுல லாரி ஓடுறது உனக்குத் தெரியாதா? நான் எழுதலைன்னா வேற யாராவது எழுதியிருப்பாங்க. மரம் எப்படியும் போயிருக்கும். நான் வீட்டுக்குப் போயிருப்பேன், அடுத்தது நீ போயிருப்பே. நீ அட்டெண்டர், உனக்காக யாரு கேப்பாங்க? உன் பேரை எங்கயாவது போட்டேனா? ரிப்போர்ட்ல உன்னோட நோட்டைக் காட்டினேனா? உன்னைக் காப்பாத்தத்தான் பண்ணினேன்."

"என்னைக் காப்பாத்துங்கன்னு நான் கேட்டனா?"

அவள் பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

"எழுத முடியலைன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? 'பயமா இருக்குடி, என்னால முடியாது'ன்னு சொல்லியிருந்தா நான் உங்களைத் திட்டியிருப்பேனா? பதினெட்டு வருஷம் ஒரே தட்டுல சாப்பிட்டோம். நீங்க சொல்லியிருந்தா எங்க ஊருப் பொம்பளைங்க ரோட்டுல உக்காந்திருப்பாங்க. கீத்தெல்லாம் இறக்கி வச்சிருந்தாங்க. நான் போய்த் தடுத்துட்டேன் மேடம். உங்க ரிப்போர்ட்டை நம்பி நான் போய்த் தடுத்துட்டேன்."

"அதான் சொல்லலை" என்றாள். குரல் இறங்கிப்போய் இருந்தது. "சொன்னா நீ ஊர்ல சொல்லிடுவே."

அது வரைக்கும் என்னால் அவளைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் நினைக்க முடிந்தது. பயந்தவளை மன்னிக்கலாம், எனக்கும் பயம் உண்டு. இந்த வார்த்தையில்தான் புரிந்தது. ஊர் எழுந்து உட்கார்ந்தால் வேலை நடக்காது. ஊரை உட்காரவிடாமல் வைக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். அத்தனை நாளும் என் புளிக்குழம்பு தின்றுகொண்டே அவள் என்னை அதற்கு வைத்திருந்தாள். மரத்தை அறுத்தவனுக்குக் கூலி உண்டு. நான் சும்மா செய்து கொடுத்திருக்கிறேன்.

"என் நோட்டைக் குடுங்க" என்றேன்.

"அது டிபார்ட்மென்ட் ரெக்கார்ட். இப்ப இங்க இல்லை."

"எரிச்சிட்டீங்களா?"

"பைத்தியமா நீ? ஆபீஸ்ல குடுத்திட்டேன்."

எரித்ததும் ஆபீஸில் கொடுத்ததும் ஒன்றுதான். ஆய்வகச் சாவியை மேசையில் வைத்தேன். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டேன். கேட்டைத் தாண்டும்போது அவள் கூப்பிட்டாள். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் நிற்கவில்லை. வாத்தியாரம்மாவாக இருந்தால் ராஜினாமா என்பார்கள். அட்டெண்டர் சாவியை வைத்துவிட்டு வந்தால் 'நின்றுவிட்டாள்' என்று சொல்வார்கள். நான் நின்றுவிட்டேன்.

புதன்கிழமை ஊருக்குப் போனேன். பள்ளிக்கூடத்து வராண்டாவில் கூட்டம். இன்னொரு மனு எழுதப்போகிறார்கள். மரம் போய்விட்டது, இனி என்ன கேட்பது என்று நாலைந்து பேர் கேட்டார்கள். பொய் ரிப்போர்ட் கொடுத்தவர்கள் மேல் நடவடிக்கை வேண்டும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். நான் போய் ஓரமாக நின்றேன். உட்காரு என்று யாரும் சொல்லவில்லை. முன்பு முழங்கையைக் காட்டிச் சிரித்தாளே, அவள் என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

பெரியப்பாதான் கேட்டார். "ஒனக்கு எவ்வளவு குடுத்தாங்க?"

நான் அழவில்லை. "ஒண்ணும் குடுக்கல பெரியப்பா. என்னையும் ஏமாத்திட்டாங்க."

"ஏமாந்தவ பாத்தேன்னு ஏன் சொன்ன?"

"பாக்கல. பாத்தேன்னு சொன்னது பொய்" என்றேன். அந்த இடத்தில் சொல்ல வேண்டியது அது ஒன்றுதான். யாரும் என்னை மன்னிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். தங்கச்சிக்காக இந்த ஊரில் தலைகுனிவது அவனுக்கு இதுதான் முதல் தடவை.

அண்ணன் மகள் பேனாவை எடுத்தாள். என் போனில் இருந்த படங்களை அவளுக்குக் காட்டினேன். ரிப்போர்ட்டில் இருக்கும் எலும்பும் கல்லூரிப் பெட்டியில் இருக்கும் எலும்பும் ஒன்று, எப்படித் தெரியும் என்றால் நான்காவது விரலின் கடைசி எலும்பு தலைகீழாக இருக்கிறது, தலைகீழாக ஒட்டியது நான். உலகத்தில் எந்த வௌவாலுக்கும் அப்படி ஒரு விரல் இருக்க முடியாது. ஏழு வௌவாலைப் பார்த்தோம், நாலின் மூட்டில் வெளிச்சம் இருந்தது, பார்த்தவர்கள் இன்னார் இன்னார். நான் சொல்லிக்கொண்டே போனேன், அவள் எழுதிக்கொண்டே வந்தாள். பெரியப்பா தானும் பார்த்ததாகக் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். இன்னும் ஆறேழு பேர் முன்னால் வந்தார்கள்.

இரண்டாவது பக்கத்தில் அவள் நிறுத்தினாள். பக்கத்தில் நின்ற பொம்பளைகள் அவள் காதில் ஏதோ சொன்னார்கள். அவள் என் முகத்தைப் பார்க்காமல், "அத்தை, யார் யார் மேல நடவடிக்கை எடுக்கணும்ங்கிற எடத்துல ஒங்க பேரையும் போடச் சொல்றாங்க" என்றாள்.

"போடு" என்றேன். "ரெண்டாவதாப் போடு. ஊர்க்காரங்களைப் போராட விடாம தடுத்தாங்கன்னு எழுது. அது உண்மை."

எழுதினாள். பிறகு முதலில் எழுதிய பேருக்குத் திரும்பிப்போய் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தாள். "ஒங்க மேடம் பேருக்கு முன்னாடி முனைவர்னு போடணுமா அத்தை?"

"கண்டிப்பாப் போடு" என்றேன். "அந்தப் படிப்பை வச்சுத்தானே செஞ்சா."